ஓய்வுக்காலம் எங்கே?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கே போய் இருப்பது என்ற கேள்வி, ஐம்பதை நெருங்கும் நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழுகிறது. கணக்காளர் என்பதால் கோயிலில் பந்தி முடிந்ததும் எம்மிடம் இதைக் கேட்பவர் பலர். "எந்த நாட்டில் வரி குறைவு, சொல்லுங்கள் தம்பி" என்றே பெரும்பாலும் பேச்சுத் தொடங்கும்.

கேட்பதில் தவறில்லை. சேமிப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்று பார்ப்பது குடும்பஸ்தரின் கடமை. வருமான வரியின் உச்ச வீதம் மியன்மாரில் 25 விழுக்காடு, இந்தியாவில் 30. இரு நாடுகளுக்கும் இடையே 2008இல் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துவிடலாம். ஆனால் யாங்கோனில் பிறந்த எமக்கு, அந்தத் தாளில் இடம்பெறாத வரிகளே முதலில் நினைவுக்கு வருகின்றன.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமையாயின. தாத்தாவின் கடையும் போயிற்று. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெரியப்பா கப்பலேறிச் சென்னைக்குப் போனார். அப்பா தங்கிவிட்டார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் ஈடின்றிச் செல்லாமற் போயின. அரிசிப் பானையில் அம்மா சேர்த்து வைத்திருந்த நோட்டுகள் எங்கள் விளையாட்டுக் காசாயின. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன் டாலருக்கு 1,300 கியாட் அளவில் இருந்தது. 2024இல் வெளிச்சந்தையில் 6,000ஐத் தாண்டியது. கியாட்டில் சேமித்தவருக்கு டாலர்க் கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அதற்கு எந்தப் படிவமும் வரவில்லை.

ஆகவே வரி எவ்வளவு என்று கேட்குமுன், இன்றைய சட்டம் நாளையும் இருக்குமா என்று கேட்க வேண்டும். அங்கே நாம் யாராக இருப்போம் என்பதும் கேள்விதான். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி மியன்மார்க் குடியுரிமையை இழக்கிறார். 1987ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் வீடு, நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம் ஓரளவே வழிவிட்டது.

இனி நியாயத்தைப் பார்ப்போம். நாம் அகதிகளாக இங்கே வந்திறங்கியபோது மொழி வகுப்பும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் கிடைத்தன. அந்தச் செலவு, நம்மை முன்பின் அறியாதவர்கள் கட்டிய வரி. பெறும் காலத்தில் பெற்றுவிட்டு, தரும் காலத்தில் வரியில்லாத ஊர் தேடுவது எமக்கு உறுத்துகிறது. அதே சமயம், முப்பது ஆண்டு உழைத்து வரி கட்டியவர் தம் கடனை ஒருவாறு தீர்த்தவரே. அவர் பெற்றோரைப் பார்க்கவோ, சிக்கனமாக வாழவோ போனால் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

பெரியப்பா சொந்த மண்ணுக்குத்தான் திரும்பினார் என்றார்கள். கடைசிவரை அவரை அங்கே "பர்மாக்காரர்" என்றே அழைத்தார்கள். மாலையானால் பர்மா பஜாருக்குப் போய், ரங்கூனிலிருந்து வந்தவர்களோடு பேசிவிட்டு வருவார். அவருக்கு ஊர் என்பது அந்த நாலு பேர்தான்.

எண்பது வயது அப்பாவை இங்கே வந்துவிடும்படி பலமுறை கேட்டோம். இங்குள்ள மருத்துவ வசதி, உதவித்தொகை எல்லாம் எடுத்துச் சொன்னோம். "காளியம்மன் கோயிலுக்கு ஒரு சாயங்காலம் நான் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க வீட்டுக்கே ஆள் வந்துவிடும். அங்கே யார் வருவார்?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இல்லை.

ஓய்வுக்காலத் தாளில் இப்போது அந்தக் கேள்வியையும் எழுதிக்கொள்கிறோம். அதற்கான பதிலைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. நாமே உண்டாக்க வேண்டும். வழக்கமாக வரும் பெரியவர் எவரேனும் இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வராவிட்டால், அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். நாம் முதுமையடையத் தக்க ஊராக இதுவும் ஆகட்டும்.