கிணற்றின் வாயில் ஒரு கல்

அயல்நாட்டுக் கிணறு ஒன்றின் அருகே யாக்கோபு வந்து நின்ற நிகழ்ச்சியைத் தொடக்க நூலில் நாம் படித்திருக்கிறோம். கிணற்றின் வாயைப் பெரிய கல்லொன்று மூடியிருந்தது. மந்தைகள் அனைத்தும் வந்து சேர்ந்த பின்னரே ஆயர்கள் அதனைப் புரட்டுவது வழக்கம். முந்தி வந்தவர் முந்தி அள்ளிச் செல்லாதபடி காத்தது அந்தக் கல். பார்வைக்கு அது தடை; பொருளில் அது நீதி.

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரின் வயல்வரப்புகளில் நிற்கும்போது அந்தக் கல்லே நம் நினைவுக்கு வருகிறது. வற்றாத ஆறு பாயாத வறண்ட நிலம் இது. வெற்றிலைக் கொடிக்காலும் மரவள்ளியும் பெரிதும் கிணற்றையே நம்பி வாழ்கின்றன. ஆனால் கிணற்றின் வாயில் இன்று கல் இல்லை. நிலத்தடி நீர் யாருக்கு உரியது?

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தம் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கே அளித்தது. ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் அந்த உரிமைக்கு மாட்டின் களைப்பே எல்லையாக இருந்தது. மின்சாரம் வந்தபின் அந்த எல்லை மறைந்தது. மின்கட்டணத்தை எதிர்த்து 1970-களில் உழவர்கள் போராடினர், உயிர்களையும் இழந்தனர். 1984-இல் சிறு உழவர்களுக்கும், 1990-இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அந்தச் சலுகை இரத்தம் சிந்திப் பெறப்பட்டது என்பதை மறந்து அதனை இகழ்வது முறையாகாது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பணமுள்ளவர் ஆயிரம் அடி துளையிடுகிறார். அண்டை வீட்டாரின் திறந்த கிணறு வற்றுகிறது. இலவச மின்சாரம் இருவருக்கும் பொது, நீரோ ஒருவருக்கே. கிணறே இல்லாத கூலித் தொழிலாளிக்கோ இரண்டும் இல்லை. பாறையில் கரைந்துள்ள புளூரைடு கலந்த நீரைக் குடித்துப் பல் கறுத்தும் எலும்பு வளைந்தும் துன்புற்றவர் இம்மாவட்டத்தில் பலர். அவர்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

அரசு கல்லை வைக்க முயலாமல் இல்லை. 2003-இல் தமிழகச் சட்டமன்றம் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. ஏன்? கட்டுப்பாடு என்றதும் ஏழை உழவர் அஞ்சுகிறார். 'ஆற்றுப் பாசனத்தாருக்கு அரசே அணை கட்டி நீர் தருகிறது; நாங்கள் கடன்பட்டு வெட்டிய கிணற்றுக்கு மட்டும் பூட்டா?' என்று அவர் கேட்டால், அது நேர்மையான கேள்வியே. அதற்கு விடை கூறாத சட்டம், வலியவர் தப்பிக்க எளியவரை மட்டும் பிடிக்கும் வலையாகிவிடும்.

ஆகவே கட்டுப்படுத்துகிறவர் பாரத்திலும் பங்கேற்க வேண்டும். சிறு, குறு உழவருக்குச் சொட்டுநீர்ப் பாசனத்திற்கு முழு மானியம் உண்டு. ஆனால் மிஞ்சிய நீரைக் கொண்டு மேலும் ஓர் ஏக்கர் கரும்பு வைத்தால் நிலத்தடியில் எதுவும் மிஞ்சாது. 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. குறைந்த நீரில் விளையும் பயிருக்கு விலையும் வாங்குவோரும் இருந்தால், கட்டுப்பாடு தண்டனையாகத் தோன்றாது.

தனியுடைமையின்மேல் சமுதாயத்தின் உரிமைப் பிடி ஒன்று உள்ளது எனத் திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டினார். அதை மேடையில் கேட்கும்போது தலையசைக்கிறோம். நம் கிணற்றடியில் கேட்கும்போது?

சட்டம் என்றேனும் மீண்டும் வரலாம். ஆனால் மந்தைகள் எல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்கும் மனத்தை எந்தச் சட்டமும் தர இயலாது. இன்றிரவு மோட்டாரை இயக்குமுன், இன்னும் வந்து சேராதவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.