சந்தையில் மலிவாக வாங்கினேன், மிச்சப் பணம் யாருடையது?





துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் ஒரு தம்பி, அஸ்ருக்குப் பிறகு என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். தேராவில் எட்டுப் பேர் தங்கும் ரூம். மெஸ்ஸுக்கு எல்லோரும் பணம் போடுகிறார்கள். காய்கறி வாங்கும் பொறுப்பு இவருடையது. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கிலோ கிலோவாக வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் வாரம் ஒருமுறை அல் அவீர் சந்தைக்குப் போகிறார். அங்கே தக்காளி பெட்டியாக, வெங்காயம் மூட்டையாகக் கிடைக்கும். நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசி வாங்குகிறார். ஆனால் ரூம் நோட்டில் எழுதுவது சூப்பர் மார்க்கெட் விலை!

"யாருக்கும் நஷ்டம் இல்லையே ஹஜ்ரத்? லீவு நாளில் தூக்கத்தை விட்டுவிட்டுப் போகிறேன். மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டால் கூடுமா?"

உங்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியை உள்ளுக்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டுவிட்டார், அல்ஹம்து லில்லாஹ்.

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். கையில் ஆடும் இருக்கிறது, தீனாரும் இருக்கிறது. பேரம் பேசியது அவர், அலைந்தது அவர், திறமையும் அவருடையது. ஆனாலும் இரண்டையும் கொண்டுவந்து நபி (ஸல்) அவர்கள் முன்னால் வைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் கேட்டு நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதற்குப் பின் மண்ணை வாங்கினாலும் அவருக்கு இலாபம் வரும் என்கிறது புகாரியின் அறிவிப்பு. கூஃபாவின் குனாஸா சந்தையில் நின்றால், வீடு திரும்புவதற்குள் 40,000 இலாபம் கிடைத்ததாக அவரே சொன்னது முஸ்னது அஹ்மதில் வருகிறது.

ஃபிக்ஹில் இதற்கு வகாலத் என்று பெயர். அடுத்தவர் பணத்தில் அவருக்காக வாங்குபவர் வகீல். கடைக்காரர் குறைக்கும் விலை, பணம் போட்டவருக்காகக் குறைக்கப்பட்டது. அது வகீலின் இலாபம் அல்ல. ஆகவே கூடாது என்றேன். தம்பியின் முகம் வாடிவிட்டது.

உழைப்புக்கு வழி இல்லையா? தாராளமாக இருக்கிறது. "டாக்ஸி வாடகை மெஸ் கணக்கில் போகும், போய்வருவதற்கு எனக்கு இவ்வளவு திர்ஹம்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் அந்தக் கூலி சுத்தமான ஹலால். அவரைக் கெடுத்தது பணம் அல்ல, நோட்டில் எழுதிய பொய்.

அப்படியானால் கொசுறு? ஒரு பிடி மல்லித்தழை, நாலு பச்சை மிளகாய். அது ரூம் சமையலுக்கே போய்விடும், அதில் வழக்கு இல்லை. வாடிக்கைக்காக உங்கள் கையில் தனியாக ஒரு மாம்பழப் பெட்டியைத் திணித்தால்தான் யோசிக்க வேண்டும். ஸகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா, "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்றபோது, தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். எட்டுப் பேர் பணத்தால் வந்த வாடிக்கை அது. பெட்டியை ரூமில் வைத்துப் பிரியுங்கள்.

பழைய கணக்குக்கு என்ன செய்வது என்று கேட்டார். இரண்டு பேர் விசா கேன்சலாகி ஊர் போய்விட்டார்கள், ஒருவர் முஸ்லிம் அல்லாத தஞ்சாவூர்க்காரர். ஹக்கில் அந்த வித்தியாசம் கிடையாது தம்பி, எல்லோருக்கும் போன் போடுங்கள் என்றேன். தோராயமாகக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள், அல்லது விஷயத்தை உடைத்துச் சொல்லி ஹலாலாக்கிக்கொள்ளுங்கள். தேடியும் கிடைக்காதவரின் பங்கை அவர் பெயரில் ஸதகா செய்யலாம். பிறகு அவர் வந்து கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

அன்று இஷாவுக்குப் பிறகு ஹவ்ழ் ஓரத்தில் நின்று தஞ்சாவூருக்குத்தான் முதல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அல்லாஹ் அவருக்கு அதை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹ்.