பந்தியிலிருந்து யாரை எழுப்பலாம்?

செங்கல்பட்டில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சங்கதிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பேதியாகும் குழந்தைக்குச் சில டாக்டர்கள் ரோட்டா வைரஸ் ஸ்ட்ரிப் எழுதுவார்கள். துளி மலத்தைக் கரைசலில் கலக்கி, அட்டைக் குழியில் சில சொட்டு விட்டால் 10, 15 நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடானால் இல்லை, இரண்டானால் உண்டு. எதுவானாலும் வைத்தியம் ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும்தான்.

"அப்புறம் எதுக்கும்மா டெஸ்ட்டு?" என்றார் ஒரு பாட்டி. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்காக என்றேன். யாரைத் தள்ளி வைப்பது என்று சொல்லத்தான் அந்தக் கோடு.

உறுத்துவது அங்கேதான். தள்ளி வைப்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்காரவிடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ பரவியது. பிறகு அமைச்சர் சேகர்பாபுவே வந்து, அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே திருமணி இருக்கிறது. 1924-இல் அங்கே தொழுநோய் மருத்துவமனை வந்தது. வியாதி போன பிறகும் வீட்டில் சேர்க்கப்படாதவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அதற்காக விலக்குவதே பாவம் என்று சொல்லமாட்டேன். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் மிகச் சில துகள்கள் போனாலே ஆளைச் சாய்த்துவிடும். சானிடைசருக்கு லேசில் மசியாது. சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் வரை சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்பது விதி. மடப்பள்ளிக்காரருக்கும் அதே 48 மணி, பாத்திரம் தேய்ப்பவருக்கும் அதே. சாதி பார்த்துத் தள்ளுகிறவர்களிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள்!

ஸ்ட்ரிப்பையும் அருள்வாக்காக எடுக்க முடியாது. நோரோ ஸ்ட்ரிப் பல நேரம் இருக்கிற வைரஸையே கோட்டை விடும். நெகட்டிவ் வந்தவரைச் சுத்தம் என்று அடுப்படிக்கு அனுப்புவதுதான் எனக்குப் பயம்.

போன ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்தபோது, கூழ் காய்ச்சும் அக்காவுக்கு முந்தின நாள் பேதி. ஸ்ட்ரிப் எதுவும் போடவில்லை. நீங்கள் வரவேண்டாம் என்றேன். "ஆத்தா வேலைடி, ஒண்ணும் ஆவாது" என்றார். கூழ் கொதித்துவிடும், சரி. வெங்காயம் நறுக்குவதும் மொண்டு ஊற்றுவதும் அதே கைதானே? ஆத்தா பேரில் தெருவுக்கே ஊற்றுகிற கூழ் என்பதால்தான் எனக்கு இன்னும் பயம். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கூலி?" என்றார்.

சாஸ்திரமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. தீட்டு என்று ஒதுக்கியவர்கள் யாரும் ஒதுக்கின நாளுக்குக் கூலி கொடுத்ததில்லை. நானும் கொடுக்காவிட்டால் அக்காவுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? விழாக் குழுவில் கேட்டேன். பொருளாளர் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "வராதவங்களுக்கு எந்தக் கணக்குல எழுதறது?" என்றார்.

"கூழ் கணக்குலயே எழுதுங்கண்ணே. அவங்க வராம இருந்ததும் கூழுக்காகத்தான்."

பாதிக் கூலி எழுதினார். மீதியை இந்த ஆடியிலும் கேட்பேன்.