குகைக்குள் ஒரு ரீங்காரம்

புதுக்கோட்டையிலிருந்து பத்து மைல் போனால் சித்தன்னவாசல். ஓவியம் பார்க்கத்தான் எல்லோரும் போகிறோம். தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் அந்த மனிதர்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்புகிறோம். ஆனால் அறிவர் கோயிலின் உள்ளறையில் நின்று, வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று மெல்ல இழுத்துப் பாருங்கள். சுவர்களும் கூடச் சேர்ந்து முனகும். முதல் தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த ஒலிக்காகவே கல்லை அளந்து அளந்து குடைந்த சிற்பி ஒருவனைப் பற்றிக் கதை எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஒரு கூட்டத்தில் அதையே சரித்திரம் போலப் பேசிவிட்டேன். நல்ல கைதட்டல்!

பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் முன் வரிசையில் இருந்தார். வெளியே வந்ததும், "அவன் அளந்தான் என்று உமக்கு யார் ஐயா சொன்னது?" என்றார்.

பிறகு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். அறை ஏறக்குறைய ஒன்பதரை அடிச் சதுரம். ஒலி விநாடிக்குச் சுமார் 1,140 அடி ஓடுகிறது. எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்ப 19 அடி. ஆக, விநாடிக்கு 60 தடவை. அதன் இரு மடங்கு 120. ஆண் குரலின் தாழ்ந்த முனகல் ஏறக்குறைய அதுதான். திரும்பி வரும் ஒலி, ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுவதுபோல, புதிதாக எழும் ஒலியைத் தள்ளிப் பெருக்குகிறது.

"உம் வீட்டுக் குளிக்கும் அறையும் பாடும். அளவுக்குத் தகுந்த சுருதி, அவ்வளவுதான்."

"அப்படியானால் சிற்பிக்கு இது தெரியாதா?"

"அது என் பாடத்தில் இல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. உலகத்திலுள்ள கிணறு, குடம், குகை அத்தனைக்கும் விடை வைத்திருக்கிற சாஸ்திரம், ஒரு மனிதனின் எண்ணம் என்றதும் கையை விரித்துவிடுகிறதே! ஆனால், கைதட்டலுக்காக நான் தாண்டிய கோட்டின் முன்னே அது நின்றுவிட்டது என்பதும் உறுத்தியது. அங்குள்ள 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மதுரை ஆசிரியர் இளங்கௌதமனின் திருப்பணியைச் சொல்கிறது; ஒலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சென்ற மாதம் பேரனுடன் மறுபடி போனேன். ரீங்காரம் அதே இனிமையோடு எழுந்தது.

"தாத்தா, இதற்காகத்தானே இப்படிக் குடைந்தார்கள்?"

"தெரியாதடா" என்றேன்.

அவன் விடவில்லை, வேறு சுருதியில் 'ம்' என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.