கொடுத்த பின் தொடரும் கடமை

தானம் எப்போது நிறைவடைகிறது? பொருள் கைமாறும் கணத்திலா, பெற்றவரின் வாழ்வில் அது பயன் தரத் தொடங்கும்போதா? வறியோருக்குச் சைக்கிள் வழங்கும் தொண்டில் ஈடுபடும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

வசதி படைத்தோருக்குச் சைக்கிள் ஓர் உடற்பயிற்சிக் கருவி. தொலைவிலுள்ள பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுமிக்கோ அது கல்வியின் வாயில். பீகார் அரசு 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இதனை ஆராய்ந்து கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2017-இல் கட்டுரை வெளியிட்டனர். உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் ஆண், பெண் இடையே இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில் பயன் மிகுதியாக இருந்தது.

அரசு பணம் தரலாம். உடன் நின்று கைகொடுக்க மனிதர்கள் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், எழுத்தறிவுடன் சைக்கிள் பயிற்சியும் இணைந்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். கற்றவர்களே பிறருக்குக் கற்பிப்போராகவும் ஆயினர்.

இன்று நகரக் குடியிருப்புகளின் மாடிப்படிகளுக்கு அடியில் எத்தனையோ சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி அப்படியே வழங்குவது சேவையாகுமா? “ஏழைக்கு இதுவாவது கிடைக்கிறதே” எனச் சிலர் கூறலாம். பால் வற்றிய கிழப்பசுக்களைத் தந்தை தானமளிப்பதைக் கண்டு நசிகேதன் கலங்கியதைக் கடோபநிஷதம் சொல்கிறது. நமக்கு வேண்டாததைக் கழிப்பது வேறு, பிறர்க்கு வேண்டியதை அளிப்பது வேறு. பிரேக் பிடிக்காத சைக்கிளில் லாரிகள் விரையும் சாலையில் செல்லப் போவது நம் பிள்ளையல்ல என்பதால் நம் பொறுப்பு குறைந்துவிடாது.

ஆகவே, தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் செயினுக்கு எண்ணெய் இடுவதும், தேய்ந்த டயரை மாற்றுவதும், பிரேக்கைச் சரிபார்ப்பதும் தானத்தின் பகுதியே. பெறுபவருக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுத் தருவதும், ஒரு மாதம் கழித்துச் சென்று வண்டி ஓடுகிறதா என விசாரிப்பதும் அவ்வாறே. பழுது பார்ப்பதில் அவரும் கைகொடுத்தால் இன்னும் நல்லது. அப்போது அவர் கையேந்தி நிற்பவராக இல்லாமல், அப்பணியில் பங்காளியாகிறார்.

விழா மேடையில் எடுக்கப்படும் புகைப்படத்தில் கொடுப்பவர் நடுவில் நிற்கிறார். உண்மையான சேவையில் அவர் மெல்ல விலகி நிற்கிறார். பெற்றவர் நம் பெயரை மறந்துவிட்டு, தம் சைக்கிளில் தம் வழியே செல்கிறார். அவ்வாறு மறக்கப்படுவதை மகிழ்ச்சியோடு ஏற்கும் பக்குவமே இத்தொண்டு நமக்குத் தரும் பயன்.