எண்ணாதவன்

தளிப் பக்கத்து ஊர்களில் மாபாரதம் வைத்தால் கூட்டத்தில் மூன்று பாஷை கேட்கும். கூத்து தமிழில் நடக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் கன்னடத்திலும் தெலுங்கிலும் விமர்சனம் செய்துகொள்வார்கள். எல்லை கூப்பிடு தூரம்தான். வெள்ளைக்காரன் 'குட்டி இங்கிலாந்து' என்று சொன்ன ஊர் என்பதால் கோடையிலும் விடியற்காலையில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார், ராத்திரி கூத்து. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் பாதிக் கதையில் வந்து உட்காருவார்கள். இதுவரை என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு ராத்திரி முத்துக் கதை வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். துரியோதனன் மனைவி பானுமதியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். கணவன் வருவதைப் பார்த்து அவள் எழுகிறாள். தோற்கப்போகிறவள் நழுவுகிறாள் என்று நினைத்து கர்ணன் எட்டிப் பிடிக்க, மேகலை அறுந்து முத்தெல்லாம் சிதறுகிறது. வாசலில் நிற்கிற துரியோதனன், நான் பொறுக்கித் தரட்டுமா, கோத்தே தரட்டுமா என்கிறான்.

கட்டியங்காரன் அங்கே குறுக்கே புகுந்தான். "ராசாவே, பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்துட்டு வரச் சொன்னது நீதானே? உன் பொண்டாட்டி மேகலை அறுந்து கிடக்குது. உனக்குக் கோபமே வரலையா?"

கூட்டம் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. கேள்வி நியாயமானது. இந்த ஆள் அப்படிச் செய்வானா?

வியாச பாரதத்தில் இந்தக் காட்சி கிடையாது. பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. கன்னட ஆதிகவி பம்பன் 941இல் முடித்த விக்கிரமார்ஜுன விஜயத்தில் இது ஒரே ஒரு பாட்டாக வருகிறது. ஆடியது கர்ணனா, துரியோதனனேதானா என்று கன்னடப் புலவர்களிடையே வாதம்கூட உண்டு. சில நூற்றாண்டு கழித்து வில்லிபுத்தூரார் தமிழில் சொன்னார். 1964இல் வந்த 'கர்ணன்' படம் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தை எடுத்த பி.ஆர்.பந்துலுவும் கோலார் மாவட்டத்துக்காரர், இதே எல்லைப் பக்கத்து மனிதர். இன்று துரியோதனனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லு என்றால் எல்லையின் இரண்டு பக்கத்திலும் இந்த முத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மூலத்தில் இல்லாதது மூலத்தைவிட உறுதியாக உட்கார்ந்துவிட்டது.

சேர்த்ததெல்லாம் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை. அதே பம்பன், தன்னை ஆதரித்த அரிகேசரி மன்னனை அர்ஜுனனாக வைத்துப் பாடியவர். அதனால் திரௌபதியை அர்ஜுனன் ஒருவனுக்கே மனைவியாக்கினார். முடிவில் பட்டமும் அர்ஜுனனுக்கே. மகாகவிதான், ஆனால் ஒரு முடிச்சை அவிழ்த்ததும் பீமனின் சபதம் தொங்கலில் நின்றது. தம்பி மனைவிக்காக அண்ணன் ஏன் அப்படிக் கொதிக்க வேண்டும்? பின்னால் வந்த குமாரவியாசன் ஐந்து கணவர்களையும் திரும்பக் கொண்டுவந்தார். ஜனங்களின் பாரதத்திலும் அவள் ஐவருக்கும் தேவிதான். புரவலனுக்காகச் செய்த மாற்றம் புரவலனோடு போயிற்று.

டிவி சீரியலில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போடுகிறார்கள். முகமே மாறுகிறது, பார்க்கிறவர்கள் இரண்டு நாளில் பழகிக்கொள்கிறார்கள். நல்ல மருமகள் ஒரு வாரத்தில் விஷம் கலக்கத் தொடங்கினால் மட்டும், "இவ அப்படிப்பட்டவ இல்லையே" என்று வீட்டில் குரல் எழும்புகிறது. அந்தக் குரலை நான் மதிக்கிறேன், எந்த விமர்சகரின் குரலையும்விட.

முத்துக் காட்சிக்கு மட்டும் அந்தக் குரல் ஏன் எழவில்லை? முதல் காரணம் கவிஞர்களின் சாமர்த்தியம். இதை நடக்கிற கதையாக அவர்கள் வைக்கவில்லை. பாண்டவர் பக்கம் வா என்று அழைப்பு வரும்போது, வரமாட்டேன் என்பதற்குக் காரணமாகக் கர்ணன் வாயில் வைத்தார்கள். நினைவு கூர்வதை யார் மறுக்க முடியும்?

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. சபையில் நடந்ததும் சூதாட்டம், இங்கே நடப்பதும் சூதாட்டம். அங்கே ஒரு பெண்ணின் சேலை, இங்கே ஒரு பெண்ணின் மேகலை. அன்று பாஞ்சாலியின் ஆடையைக் களையச் சொல்லிக் கூவியவன் கர்ணன். வியாசர் அதை மறைக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம். அவன் கைதான் இங்கே முத்தை அறுக்கிறது. புதுக் காட்சி என்று நாம் நினைப்பது பழைய காட்சியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டது. சட்டையைத் திருப்பிப் போட்டாலும் தையல் அதேதான்.

ஆனால் தையல் எங்கே ஓடுகிறது என்று எனக்குக் காட்டியது அந்தத் துரியோதன வேஷக்காரர். கட்டியங்காரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அங்க தேசத்தையே எண்ணாம குடுத்தவன்டா நான். முத்தையா எண்ணப்போறேன்?"

"அப்போ பங்காளிக்கு?"

"ஊசி முனை மண்ணைக்கூட எண்ணுவேன்."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கம்பெனிகள் வந்து நிலம் விலை ஏறிய பூமி. பங்காளி வழக்கு இல்லாத வீடு எது? அரை அடி வரப்புக்காக அண்ணன் மேல் கேஸ் போட்டுவிட்டு, சிநேகிதன் மகள் கல்யாணத்துக்கு வட்டி கேட்காமல் பணம் கொடுக்கிறவனை அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் நல்லவனா கெட்டவனா என்று அவர்கள் குழம்புவதில்லை. தன்னவன் என்றால் கணக்கில்லை, அயலான் என்றால் கணக்கைத் தவிர வேறில்லை. பாஞ்சாலியை இழுத்து வரச் சொன்ன வாயும் முத்துப் பொறுக்கக் குனிந்த முதுகும் அந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. செயலோடு செயலை வைத்து ஒப்பிட்டால்தான் முரண். முத்துக் காட்சி வந்த பிறகே, அவன் ஏன் ஐந்து ஊர்கூடத் தரவில்லை என்பது எனக்கு முழுதாக விளங்கியது.

பக்கத்தில் இருந்த பெரியவர், "இவன் இப்பிடித்தான், தம்பி" என்றார். புகழ்ச்சியா வசவா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்த துரியோதனன், மேளம், துடையில் பீமன் அடி, பாஞ்சாலி கூந்தல் முடிப்பு. எல்லாம் முடிந்ததும் கூட்டம் அந்த மண் உடம்பின் மேல் பாய்ந்தது. வீட்டில் வைத்தால் விளைச்சலுக்கு நல்லதாம். பெரியவரும் குனிந்து ஒரு பிடி அள்ளி, எண்ணிப் பார்க்காமல், துண்டில் முடிந்துகொண்டார்.