இரவல் ஒளி

மாலை வேளையில் மருதானைப் புகையிரத நிலையத்தருகே மேம்பாலத்தில் நின்று மேற்கே நோக்கினால், சில மாதங்களில் கட்டடங்களுக்கு மேலே வெள்ளி தோன்றும். அவ்வாறு நின்ற ஒருநாள் என் மாணாக்கன் கேட்டான்: "சேர், அது சூரியனிடம் இரந்து வாங்கிய ஒளிதானே? அதைப் போய் ஏன் அழகென்று புகழவேண்டும்?"

கேள்வி வானியலைப் பற்றியதன்று. அவன் தந்தை புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி. அவனோ பிறர் தரும் பணத்திற் கற்பவன்.

கோள்களுக்குச் சொந்த ஒளி இல்லை என்பது மெய்யே. 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் அவற்றின் ஒருபாதி கதிரவனால் ஒளிர்கிறது, மறுபாதி தன் நிழலாலேயே இருண்டிருக்கிறது என்றார். விண்மீன்களையும் அக்கணக்கிற் சேர்த்தது அவர் பிழை. 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளியின் வளர்பிறை தேய்பிறைகளைக் கண்டபோது அது கண்கூடாயிற்று. 2004 ஜூன் 8ஆந் திகதி கதிரவனின் வட்டத்தைக் கடந்த அதே வெள்ளி, கொழும்பிலிருந்து பார்த்தோர்க்கு வெறுங் கரும்புள்ளியாகவே தெரிந்தது. நாம் கண்டது அதன் இருண்ட பாதியை.

சங்க நூல்கள் நாண்மீன், கோண்மீன் என வேறுபடுத்தும். கோள் என்னும் சொல்லுக்குக் கொள்ளுதல் என்றும் பொருளுண்டு. அதனாலேயே ஒளிகொள்ளும் உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று சாதிக்க நான் வரவில்லை. அத்தகைய பெருமிதங்கள் நமக்கு ஏற்கெனவே போதிய அளவு உண்டு.

ஆனால் கொள்ளுதல் என்ற சொல் சிந்திக்கத்தக்கது. கோள் வெறுங் கண்ணாடியன்று. விழுகின்ற ஒளியில் ஒரு பகுதியைத் தன்னுள் ஏற்கிறது. ஏற்காததையே திருப்பி விடுகிறது. வெள்ளியின் முகில்கள் ஏறக்குறைய முக்காற்பங்கைத் திருப்பிவிடுகின்றன. அம்முகில்களின் கீழோ 460 பாகை செல்சியஸ் வெக்கை. நிலவின் மண் கரியது. நூற்றில் பன்னிரண்டு பங்களவே திருப்புகிறது. பூமி முப்பது பங்கைத் திருப்பி, எழுபதைக் கொள்கிறது. அக்கொண்டதிலிருந்தே மழை, பயிர், நாம். ஆகவே தூரத்திலிருந்து தெரியும் பிரகாசம் ஒரு கோள் கொள்ளாது விட்டதன் அளவேயாகும். வாங்குதல் இழிவாயின் உயிர் வாழ்தலே இழிவு.

இழிவு வேறோரிடத்தில் இருக்கிறது. நாங்கள் நின்ற பாலத்தின் கீழ் ஓடும் இருப்புப்பாதை 1867இல் கண்டியை எட்டியது. முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் மலையிலிருந்து இறங்கிய வழி அது. கோட்டையின் வங்கிகளும் வர்த்தக மாளிகைகளும் அவ்வழி வந்த செல்வத்தில் மின்னின. அச்செல்வத்தை விளைவித்த மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அநீதியைத் திருத்த 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. வெள்ளி ஒருபோதும் கதிரவனைப் பார்த்து "நீ எங்கிருந்து வந்தவன்?" என்று கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் அன்று அவனிடம் சொன்னேன். சற்று நீளமாகவே சொன்னேன் போலும். ஆசிரியத் தொழிலின் குறை அது. அவன் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான்.

"எனக்குப் புத்தகக் காசு தருகிற முதலாளியும் தேயிலை ஏற்றுமதிக்காரர்தான், சேர்" என்றான்.